தெருமுனையில் அணைந்த லாரி

கரட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு ஒரு லாரி உண்டு, இல்லையென்றால் லாரி ஓட்டுகிற ஆள் உண்டு, அதுவும் இல்லையென்றால் பாடி கட்டுகிறவரோ டயர் ஒட்டுகிறவரோ தார்ப்பாய் தைக்கிறவரோ உண்டு. இதில் எதுவுமே இல்லாத வீடு ஒன்று இருந்தால் அது வாத்தியார் வீடாக இருக்கும், அவரும் வெளியூர்க்காரராக இருப்பார். அப்படிப்பட்ட ஊருக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத முறை ஒன்றிரண்டு இருப்பது நியாயம்தானே. ஓட்டத்தில் போய்ச் சேர்ந்த டிரைவரை, எத்தனை மாநிலம் தாண்டிக் கிடந்தாலும், அவர் ஓட்டின லாரியிலேயேதான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வாசலில் நிறுத்தி, இஞ்சின் ஓட ஓடத்தான் உடலை இறக்குவார்கள். கட்டிலில் கிடத்தின பிறகு யாராவது ஒருவர் போய்ச் சாவியைத் திருப்பி அணைப்பார். அதோடு அவருடைய ட்ரிப் முடிந்தது என்று கணக்கு. ஏன் அப்படி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அர்த்தநாரி ஆந்திராவில் ஆதோனிப் பக்கம் பருத்தி ஏற்றிவரப் போனவர், சாலையோர ஓட்டல் ஒன்றில் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கண் அசந்துவிட்டு வருகிறேன் என்று கேபினில் படுத்தவர், படுத்தபடியே போய்விட்டார். கூட ஓடின குப்புராசுதான், அண்ணா அண்ணா என்று உலுக்கிப் பார்த்து, லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, அவரை வெள்ளைத் துணியில் சுற்றிப் பின்னால் கிடத்தி, அழுதுகொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வழியில் எங்கும் வண்டியை அணைக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தான். அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்தவன் கடைசியில்தான் தப்புச் செய்தான். அர்த்தநாரிக்கு ஒரு பழக்கம். மெயின்ரோட்டிலிருந்து அவர் தெரு சரிவாக இறங்கும், எந்த ஜாமத்தில் வந்தாலும் தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார், தூங்குகிற சனம் எழுந்துவிடக் கூடாது என்று. வருடக்கணக்காக அவரோடு ஓடின குப்புராசுவின் கை, தெருமுனை வந்ததும் தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. லாரி சத்தமே இல்லாமல் உருண்டு வந்து, அவர் பெண்டாட்டி பாவாயி காத்திருந்த வீட்டு வாசலில் நின்றது.

"அட, ஆஃப் பண்ணிட்டியாடா" என்று யாரோ கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பதறிப்போய்ச் சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திருப்பினான், மறுபடியும் டிக். பிணத்தை வைத்துக்கொண்டு வண்டி ரிப்பேர் பார்க்க முடியுமா? அப்படியே இறக்கினார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதால் பாவாயியும் அங்கேயே நிறுத்தப்பட்டாள். ஆம்பளைகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த வருடங்களில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டு போனால் எட்டு மணிக்குத்தான் வரும். அன்றைக்கும் போனது. பக்கத்து வீட்டுப் பொரிக்கடை ராசாமணி, தெருவில் யார் செத்தாலும் முதலில் குரலெடுக்கிறவள், பாவாயியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தவள், பாட்டின் நடுவில் வாயைத் திறந்தபடியே நிறுத்தினாள். தெரு முழுக்க இருட்டு; பாவாயியின் அடுப்படியில் மட்டும் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள், எரிந்தது. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக எழுந்து வந்து அந்த வெளிச்சத்துக்குக் கீழே நின்றார்கள், அத்தோடு அன்றைய அழுகை நின்றுபோனது.

மறுநாள் ஈபி ஆபீஸிலிருந்து லைன்மேன் வந்தார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து பார்த்தார், எரிந்தது. வெளியே போய் மீட்டரைப் பார்த்தார், அது நின்ற இடத்தில் நின்றது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "மீட்டர் ஓடலீங்கக்கா, அப்புறம் எனக்கென்ன வந்துச்சு, எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது" என்று சொல்லி கேரியரை மாட்டிவிட்டுப் போனார். அரசாங்கமே அப்படிச் சொன்ன பிறகு ஊருக்கு என்ன தயக்கம்? முதலில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தார்கள், பிறகு அரிசி புடைக்கிற முறத்தைக் கொண்டுவந்தார்கள், பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ராசாமணி தன் பொரி மூட்டையையும் பொட்டலம் மடிக்கிற பேப்பரையும் கொண்டுவந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மணி ஆனால் பாவாயி வீட்டு அடுப்படியிலும் நடையிலும் வாசலிலும் சனம். வீறிட்டு அழுகிற கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்த வெளிச்சத்தில் போட்டால் அது விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிவிடும் என்று பேச்சு. மழைக்காலம் வந்தபோது தெருவிளக்கை எல்லாம் ஈசல் மொய்த்தது, அந்த பல்பை ஒரு பூச்சியும் அண்டவில்லை. இதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று யாரும் சொல்லவில்லை. பொழுதோடு வந்து வேலையைப் பார்த்துவிட்டு, "வர்றேன் பாவாயி" என்று போனார்கள்.

காரணம் கண்டுபிடித்தது டீக்கடைதான். குப்புராசு ஒருநாள் அங்கே உட்கார்ந்து, தெருமுனையில் வண்டியை அணைத்த கதையைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டதும், அங்கிருந்த பழைய டிரைவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். இஞ்சின் அணைந்த பிறகு இறக்கியிருக்கிறார்கள், அப்புறம் ட்ரிப் எப்படி முடியும்? அர்த்தநாரி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்ததும் எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. அதற்குப் பிறகு பாவாயியை வழியில் பார்த்தால், "உங்கூட்டுக்காரர் எங்க வந்துட்டிருக்காருங்களாம்?" என்று விசாரிக்கிறது வழக்கமானது. பல்பு கொஞ்சம் மங்கினால், "கணவாய் ஏறுறாப்ல போல, வண்டி முக்குது" என்பார்கள். பளிச்சென்று எரிந்தால், "நல்ல ரோடு மாட்டிக்கிச்சு" என்பார்கள். பாவாயியும் சிரித்துக்கொண்டே, "வரட்டுமுங்க, மெதுவா வரட்டும், என்ன அவசரம்" என்பாள். அவள் பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, தெருவே திரண்டு அவர்கள் வாயை அடைத்தது. ஓட்டத்தில் இருக்கிற ஆளுக்கு எப்படிங்க பொட்டெடுக்கிறது என்று கேட்டது.

இதெல்லாம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் மெயின்ரோட்டில் மாதேசுவின் பட்டறையில் லாரி நின்றுகொண்டிருந்தது.

அர்த்தநாரிக்கும் பாவாயிக்கும் ஒரே மகள், கோகிலவாணி. பத்தாவது படிக்கும்போதே அப்பாவிடம் அடம்பிடித்து ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், சந்தைத்திடலில் காலி லாரியை வட்டமடித்து வட்டமடித்துப் பழகி, வயசு வந்ததும் ஹெவி லைசென்ஸ் எடுத்தவள். ஊர் அதை அப்போதே பேசி முடித்துவிட்டது, இனிமேல் பேச ஒன்றும் இல்லை. அப்பா காரியம் முடிந்த கையோடு அவள் குப்புராசுவிடம் போய், "சித்தப்பா, நான் ஓட்டறேன், நீங்க கூட வாங்க" என்றாள். அவனும் சரி என்றான். சாவியைத் திருப்பினாள். டிக்.

தெரு ஆம்பளைகள் எல்லாம் சேர்ந்து லாரியை மேடேற்றிப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாதேசு அந்த ரோட்டிலேயே லாரிக்கு ஒயரிங் பார்க்கிற ஆள், எதைப் பார்த்தாலும் சலித்துக்கொள்கிற ஆள், வெயில் அடித்தாலும் சலிப்பார், மழை பெய்தாலும் சலிப்பார். "பாட்டரியாத்தான் இருக்கும், வேறென்ன" என்று சலித்துக்கொண்டே ஆரம்பித்தார். டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார், முறுக்கினார், கிரீஸ் தடவினார், டிக். மீட்டரை வைத்துப் பார்த்தார், பாட்டரி முழுசாக இருந்தது. சாவியைத் திருப்பினால் மொத்தமும் காணாமல் போனது. சேஸிஸில் எர்த் பிடித்திருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி மறுபடி பிடித்தார். இஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து நேராகக் கரண்டு கொடுத்தார், அது துள்ளிக்கொண்டு சுற்றியது. வண்டியில் மாட்டினால் டிக். சரி, தள்ளியாவது எடுப்போம் என்று இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். இஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. டீசலைத் திறந்துவிடுகிற வால்வுக்கே கரண்டு வேண்டுமே, அதுவும் செத்துக் கிடந்தது. புது பாட்டரி போட்டார்கள், பொழுது விடிவதற்குள் அது தீர்ந்துபோனது.

"எங்கியோ கரண்டு ஒழுகுதுடா" என்று மாதேசு, பாட்டரியிலிருந்து கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரிக்கும் நடுவில் டெஸ்ட் பல்பை மாட்டினார். எதுவும் கரண்டு குடிக்கவில்லை என்றால் அது எரியக் கூடாது. எரிந்தது. சரி என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், டேப் ரிக்கார்டர், சாமி படத்துக்குப் போட்ட சீரியல் செட். எல்லாவற்றையும் பிடுங்கின பிறகும் எரிந்தது. ஒயர்களையே அறுத்தார். கடைசியில் பாட்டரி, கேபிள், வெறும் சட்டகம், இவ்வளவுதான் மிச்சம். அப்போதும் டெஸ்ட் பல்பு எரிந்தது. மாதேசு சலிக்க மறந்துபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோகிலாவைப் பார்த்து, "யாரோ இழுக்கறாங்க அம்மிணி, எங்கிருந்துன்னுதான் தெரியல" என்றார்.

எங்கிருந்து என்று பாவாயிக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றால், கோகிலா தினமும் சாயங்காலம் பட்டறைக்குப் போய், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் அங்கிருந்து போன் செய்து, "அம்மா, சாமிக்கு ஒரு கற்பூரம் பத்த வையி, இதோ திருப்பறேன்" என்றாள். பாவாயி காதில் போனோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். காதுக்குள் டிக் என்றது. அதே நொடியில் தலைக்கு மேலே பல்பு சுருங்கி ஒரு சிவந்த நூலாகி, மறுபடி மெல்ல நிமிர்ந்தது. "இன்னொருக்காத் திருப்பு கண்ணு" என்றாள். டிக். சுருங்கியது, நிமிர்ந்தது. "ஏம்மா?" என்று கோகிலா கேட்டாள். "ஒண்ணுமில்ல, வீட்டுக்கு வா" என்று சொல்லி பாவாயி போனை வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே ஓடிப்போய் மாதேசுவிடம் சொல்லியிருந்தால் அந்த மனுசன் அத்தனை ஒயரை அறுத்துத் தொங்கவிட்டிருக்க மாட்டார். ஆனால் என்னவென்று சொல்வாள்? நீங்க தேடுற ஆள் என் அடுப்படியில் இருக்கிறார், அவரை அணைத்தால் உங்கள் வண்டி ஓடும் என்றா? கல்யாணம் கட்டின நாளிலிருந்து அர்த்தநாரி மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்; பெற்றபோது இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது இல்லை, மாமியார் கிடையில் கிடந்தபோது இல்லை; இப்போதுதான் பொழுது சாய்ந்தால் வீட்டில் இருக்கிறார், அவள் சோறாக்குகிற இடத்திலேயே இருக்கிறார், எங்கும் போகாமல் இருக்கிறார். சனமெல்லாம் போன பிறகு அவள் அந்த வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம், பால்காரன் தண்ணீர் ஊற்றினதிலிருந்து கோகிலா சாப்பிடாமல் படுத்தது வரை, ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். புருசனிடம் அவ்வளவு பேசினது அவளுக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

கோகிலா மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் பல்பு ஒருதரம் சுருங்கும், தெருச்சனம், "இதோ பாரு, வேகத்தடை" என்று சொல்லிச் சிரிக்கும், பாவாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகள் அந்த முனையிலிருந்து இழுக்கிறாள், தான் இந்த முனையிலிருந்து இழுக்கிறோம், நடுவில் அந்த மனுசன் கிடந்து அல்லாடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் சாயங்காலம் பல்பு சுருங்குவது நின்றுபோனது. கோகிலா பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

"வண்டி அவ்வளவுதாம்மா" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "மாதேசண்ணனும் கைய விரிச்சிட்டாரு. எடைக்குப் போட்டுரலாம். காங்கயத்து மாமா சொன்ன எடத்தையே பாரு, கட்டிட்டுப் போறேன்."

"உனக்குப் புடிக்குமா கண்ணு?"

"புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன."

சண்டை போட்டிருந்தால் பாவாயிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சின்ன வயதிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியின் நிறத்துக்குக்கூட ஊரைக் கூட்டுகிற பிள்ளை, தன் மொத்த வாழ்க்கையையும் இப்படிச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து முழுங்குகிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் சொல்லவில்லை. காங்கயத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல மனுசர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற குடும்பம். வந்து உட்கார்ந்ததும் ஆறு மணி ஆகிக் கரண்டு போனது, பல்பு எரிந்தது, தெருச்சனம் வழக்கம்போல் முறத்தோடும் புத்தகத்தோடும் வந்து, விருந்தாளிகளைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது. அடுப்படி வெளிச்சத்திலேயே பெண்ணைப் பார்க்கட்டும் என்று பாயை அங்கே விரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்து, "இதுதானுங்களா அந்த லைட்டு? நல்லா குளுகுளுன்னு இருக்குது. பொண்ணோட சீரா அனுப்பி வெச்சிருவீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ராசாமணி, "அது எங்க தெரு மாப்பிள்ளைங்க, தரமாட்டோம்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

கோகிலா காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலை குனிந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாவாயி அவள் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற கிரீஸ் கறுப்பு இல்லை. மண்ணெண்ணெயும் கல்லுப்பும் போட்டு மணிக்கணக்காகத் தேய்த்திருக்க வேண்டும், தேய்த்த இடமெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம், சமைப்பேனுங்க, கோலம் போடுவேனுங்க என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துவிட்டுத்தானே செத்த மனுசனை எரியவிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பாவாயிக்குத் தோன்றியது. தோன்றினதும் எழுந்தாள்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். "என்ன பாவாயி" என்று ராசாமணி கேட்டாள். பாவாயி பல்பை முந்தானையால் பிடித்துத் திருகிக் கழற்றினாள். ஹோல்டரை விட்டு வந்த பிறகும் அது அவள் கையில் எரிந்தது. சுடவில்லை, குளிப்பாட்டித் துவட்டின பிள்ளையின் தலை அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. இறங்கி, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, விருந்தாளிகளைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.

வீடு இருட்டாகிப் போனதால் சனமும் பின்னாலேயே எழுந்து வந்தது. முறத்தை வைத்தவர்கள் வைத்தபடி, பொரியைக் கொட்டினவர்கள் கொட்டினபடி, காங்கயத்துக்காரர்கள் காப்பி டம்ளரோடு, எல்லாரும் அந்த ஒரு வெளிச்சத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறினார்கள். தெருமுனை வந்ததும் பொம்பளைகள் கால் தானாகத் தயங்கியது. பாவாயி நிற்கவில்லை. முன்பு தன்னைத் தடுத்து நிறுத்தின இடத்தைத் தாண்டி, மெயின்ரோட்டுக்கு ஏறி, பட்டறைக்குள் போனாள்; அதைப் பார்த்துவிட்டு மற்ற பொம்பளைகளும் தாண்டிவந்தார்கள். மாதேசு பீடியைக் கீழே போட்டுவிட்டு வழிவிட்டார்.

"கோகிலா, ஏறு" என்றாள். கோகிலா பட்டுப்புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். பாவாயி இந்தப் பக்கக் கதவைத் திறந்து, குப்புராசு கைகொடுக்க, பல்போடு ஏறி உட்கார்ந்தாள். அவர் படுத்துக் கிடந்த பெர்த்தில் அவருடைய போர்வை மடித்தபடி இருந்தது. அவள் பல்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"மாமா, வீடு வந்துருச்சுங்க. எப்பவோ வந்துருச்சு, நாந்தான் சொல்லாம வெச்சிருந்தேன். நீங்க வந்துட்டே இருந்தா எனக்கு நல்லாருந்துச்சு. தப்புத்தானுங்க. போதும், எறங்கிக்கோங்க. புள்ள ஓட்டட்டும்."

பல்பு உடனே அணையவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஏதாவது மறந்துவிட்டோமா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்குகிற ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எரிந்தது. மங்கியது. சிவந்த நூலாகியது. பாவாயி அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கில் கடைசியாக ஒரு சிவப்புத் தெரிந்து, போய்விட்டது.

கோகிலா அழுதுகொண்டே சாவியைத் திருப்பினாள். செல்ஃப் எடுத்தது. அறுபட்டுத் தொங்கிய ஒயரெல்லாம் அப்படியே தொங்க, பிடுங்கின ஃபியூஸெல்லாம் டப்பாவில் கிடக்க, இஞ்சின் ஒருதரம் இருமி, கரும்புகையைத் துப்பி, ஓடத் தொடங்கியது. மாதேசு ஒயர்களைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், எதையும் சொல்லிச் சலித்துக்கொள்ளவில்லை. குப்புராசு கதவடியில் நின்றுகொண்டு, "ஆஃப் பண்ணாத கண்ணு, அம்மா எறங்கற வரைக்கும் ஆஃப் பண்ணாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இஞ்சின் ஓட ஓட பாவாயி அணைந்த பல்பை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேலே கைநீட்டி இறக்கினவர்களில் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருத்தி. அவள் பாவாயியை நிற்கவைத்துவிட்டு, டிரைவர் சீட்டை நிமிர்ந்து பார்த்து, "பொண்ணு லாரி ஓட்டுமுங்களா, சொல்லவே இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் அவ்வளவில் நின்றுபோனது.

"பாட்டரி ஏறணும் அம்மிணி, சங்ககிரி வரைக்கும் போயிட்டு வந்துரு" என்றார் மாதேசு. தொங்கின ஒயரில் ஹெட்லைட்டுக்கு உண்டானதை மட்டும் அவசரமாகச் சேர்த்து டேப் சுற்றினார். குப்புராசு மறுபக்கம் ஏறிக்கொண்டான். கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "போயிட்டு வா கண்ணு" என்றாள் பாவாயி. லாரி ரோட்டில் ஏறி, வளைவில் திரும்பிப் போனது. சத்தம் கேட்கிறவரை சனம் நின்றது, பிறகு இருட்டில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்கள். யாரும் பாவாயி வீட்டுக்குப் போகவில்லை, அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே இனிமேல் போய் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ராசாமணிதான் கொட்டின பொரியை அள்ளிக்கொண்டு போகலாம் என்று வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"என்ன பாவாயி, இருட்டுல தனியா என்ன பண்றே?"



"அழுதுட்டிருக்கறேனுங்கக்கா" என்றது பாவாயியின் குரல். "எங்கூட்டுக்காரர் செத்துப்போயிட்டாருங்க."

ராசாமணி அப்படியே நின்றாள். பிறகு தடவித் தடவி உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். அந்தக் குரல் தெருவுக்குக் கேட்டது. கேட்டவர்கள், இன்றைக்குத்தான் அந்த வீட்டில் சாவு விழுந்தது போல, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஒவ்வொருத்தராக இருட்டில் வந்து உட்கார்ந்தார்கள். யார் யார் என்று முகம் தெரியாமல், தோளைத் தொட்டு, கையைத் தொட்டு, அந்த மனுசனை முதலிலிருந்து கடைசிவரை பாடி அழுதார்கள். எட்டு மணிக்குக் கரண்டு வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, டீவி கத்தியது, காற்றாடி சுற்றியது. பாவாயியின் அடுப்படியில் ஹோல்டர் வெறுமனே தொங்கியது. வேறு பல்பு கொண்டுவந்து போட யாரும் எழுந்திருக்கவில்லை.